கத்திரி வெயிலில் சளியா?

 

கத்திரி தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன், ஆவடியில் இருக்கும் என் தங்கையின் மருமகள், பட்டாபிராமில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி. மூவருக்கும் ஒரே சந்தேகம். தார் ரோடே உருகுகிறது, இந்த வெயிலில் எப்படிச் சளி பிடிக்கும்? நான் டாக்டர் இல்லை. 34 வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சளி பிடிக்க வைரஸ் வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு குளிர்ந்தாலும் சளி வராது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-ல் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். தாமாக முன்வந்த ஆட்களை வெந்நீரில் குளிக்க வைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் நடைபாதையில் நிற்க வைத்தார்கள். பாவம், நடுங்கியதுதான் மிச்சம். அதனால் சளி கூடுதலாக வரவில்லை. பிறகு 2005-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காலை வைத்திருக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் அதிகம் பேருக்கு மூக்கு ஒழுகியது. ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருந்த வைரஸைக் குளிர்ச்சி தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஆக, "ஈரத் தலையோடு ஃபேனுக்குக் கீழே உட்காராதே" என்று அதட்டிய பாட்டியை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. சென்னையில் அதுதான் உச்சம். கடற்கரைப் பக்கம் மதியமே காற்று வந்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு அது வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், சில நாள் வராமலே போகும். அதனால் ஆபீஸ், வங்கி, வீடு எங்கும் ஏ.சி. ஜன்னல் எல்லாம் அடைப்பு. முப்பது பேர் ஒரே காற்றைத் திரும்பத் திரும்ப மூச்சுவிடுகிறார்கள். ஒருவர் தும்மினால் போதும். மழைக்காலத்தில் கதவடைத்துக்கொண்டு இருப்பதும் இதுவும் வைரஸுக்கு ஒன்றுதான். போதாததற்கு ஏ.சி. காற்று மூக்கின் உட்பகுதியை வறளச் செய்கிறது.

அம்பத்தூர் பையனிடம் சொன்னது இதுதான். வியர்வையில் நனைந்த பனியனோடு நேரே ஏ.சி.க்கு அடியில் போய் உட்காராதே, துடைத்துவிட்டு மாற்றிக்கொள். 18-ல் வைக்காதே, 25, 26 போதும். ஒரு வேளையாவது ஜன்னலைத் திறக்கச் சொல். "சார், எங்க ஆபீஸ்ல ஜன்னலே கிடையாது" என்றான். என்ன செய்ய! காபி குடிக்க வெளியே வந்து நில்லப்பா என்றேன்.

கையும் முக்கியம். மின்சார ரயிலில் எத்தனையோ பேர் பிடித்த கம்பியைப் பிடித்துவிட்டு அதே கையால் மூக்கைத் தொடுகிறோம், கண்ணைக் கசக்குகிறோம். இறங்கியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரோட்டோரக் கம்பங்கூழ், மோர் எல்லாம் அருமையானவை, நானும் தவறாமல் குடிப்பேன். ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுக்கும் டம்ளர் எனக்கு ஆகாது. பையில் என் சொந்த டம்ளர் இருக்கும். கடைக்காரர் முதலில் சிரித்தார், இப்போது பழகிவிட்டார். ஐஸைப் பொறுத்தவரை, அதன் குளிர்ச்சியைவிட அது எந்தத் தண்ணீர் என்பதுதான் என் கவலை. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் சளியைவிடப் பெரிய தொல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். பட்டாபிராம் பெண் தன் இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன சிரப் வாங்கலாம் என்று கேட்டாள். எதுவும் வாங்காதேம்மா என்றேன். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அது தயாரானது எங்கோ அல்ல, பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறு குழந்தைச் சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி பால் அல்லது தண்ணீர், இது போதும். மற்றதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். குழந்தையை ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும்.

பெரியவர்களுக்கு வேறு ஆபத்து. தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றும்? திருமுல்லைவாயலில் இருக்கும் என் அத்தைக்கு 78 வயது. போன வருஷம் சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றார். தலை சுற்றி விழுந்துவிட்டார். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறிய பிறகுதான் பேச்சு வந்தது. பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெயிலில் கவனமாக இருக்க வேண்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

சுக்கு, மிளகுக் கஷாயம், தூதுவளை ரசம், உப்புநீர்க் கொப்பளிப்பு எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள், தொண்டைக்கு இதம். ஆன்டிபயாடிக் மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சிரைப்பு, குழந்தை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரி. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினால் அது சளிக் காய்ச்சல் என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன் போடுங்கள். அத்தைக்கு நான்தான் போடுகிறேன். "தண்ணி குடிச்சேன்டா, வை போனை" என்கிறார்.