கரப்பான் என்னும் சொல்லும் ஒரு கையின் புண்ணும்

மைசூருவில் ஊதுபத்தித் தொழிலின் பெரும்பகுதியை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பின்னும், வீட்டு வாசலில் அமர்ந்து கையால் உருட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கரித்தூளையும் ஜிகட் எனப்படும் மரப்பட்டைப் பசைத்தூளையும் நீர்விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியின்மேல் உள்ளங்கையால் உருட்டவேண்டும். கூலி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் வரும். அவர்களுள் தமிழ் பேசும் பெண் ஒருவரின் விரல்கள் வெடித்து நீர் கசிந்தபோது, அக்கம்பக்கத்தார் அந்நோய்க்கு இரு மொழிகளில் பெயர் சொன்னார்கள். தமிழில் ‘கரப்பான்’, கன்னடத்தில் ‘கஜ்ஜி’.

இவ்விரு சொற்களும் பெயரிடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தையும் உடன் கொணர்கிறது. கரப்பான் என்றதும் கத்தரிக்காய், கருவாடு முதலிய ‘கரப்பான் பண்டங்கள்’ நினைவுக்கு வரும். அப்பெண் அவற்றை மாதக்கணக்கில் ஒதுக்கினார், புண் ஆறவில்லை. கஜ்ஜி என்பதோ சிரங்கையும் குறிக்கும் சொல். சிரங்கு தொற்றும், ஆகவே உறவினர் வீட்டு விசேஷத்தில் பரிமாற வந்தவரை, “நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்று விலக்கினார்கள். அவருக்கு இருந்த எக்ஸிமா தொற்றக்கூடியதே அன்று. எக்ஸிமா என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்குதல் என்று பொருள். அது தோற்றத்தைச் சொல்கிறது. எவர்மீதும் பழி சுமத்துவதில்லை.

காரணம் தட்டில் இல்லை, கையில் இருந்தது. நாள் முழுதும் ஈரம், உராய்வு, மாலையில் பாத்திரச் சோப்பு, துணித்தூள்: இவை தோலின் கொழுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். நறுமணக் கலவையில் குச்சிகளைத் தோய்ப்பவர்க்கு வாசனைப்பொருள் ஒவ்வாமையும் நேரலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தறிய உதவுவது, 1895இல் யாடசோன் என்னும் மருத்துவர் அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனை. ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணிநேரத்திலும் 96 மணிநேரத்திலும் பார்ப்பார்கள்.

அவர் முதலில் நாடியது மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கலவைக் களிம்பை. அதிலுள்ள ஸ்டீராய்டு உடனே அரிப்பை அடக்கும். மேற்பார்வையின்றி நீடித்தால் தோல் மெலியும். மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டுமென 2018இல் விதி வந்தும் அப்பழக்கம் ஓயவில்லை. வேப்பிலை, மஞ்சள் பற்றுகளும் வெடித்த தோலை மேலும் எரிக்கக்கூடும்.

பின்னர்த் தோல் மருத்துவர் சொன்னவை எளியவை. வெந்நீர் வேண்டா, வாசனையற்ற சோப்பு போதும், கை கழுவியதும் ஈரம் ஒற்றி வாசலின் தடவுக, இரவில் அதன்மேல் பருத்திக் கையுறை அணிக, ஸ்டீராய்டு குறித்த நாள்களுக்கு மட்டும். விரல் நுனியளவு களிம்பு, ஏறத்தாழ அரை கிராம், இரு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். புண் மறைந்தாலும் தோலின் அரண் மீளச் சில மாதங்கள் ஆகும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

கடினம் தவிர்ப்பதில்தான். கையுறையோடு உருட்டினால் குச்சியின் பருமன் விரலுக்குத் தெரியாது. எண்ணெய்ப்பசை பட்டால் மாவு பிடிக்காது. எனவே பிசைவதற்கு மட்டும் கையுறை. பாத்திரம் மகனின் பொறுப்பு. உருட்டும் குச்சிகளின் எண்ணிக்கை பாதி. வெடிப்புகள் மூடின, கூலியும் குறைந்தது. தோய்க்கும் பிரிவில் கிடைத்த வேலையை, ஒட்டுச் சோதனை முடியும்வரை அவர் ஏற்கவில்லை.

நோயாளியிடம் அவரது தொழிலைக் கேட்கவேண்டும் என்று 1700இல் எழுதினார் இத்தாலிய மருத்துவர் ராமாசினி. மொழியியல் பயில்வோர்க்கு இதில் ஒரு பணி உண்டு. வட்டாரங்களில் நோய்ப்பெயர்களைத் திரட்டும்போது, அப்பெயர் எதை உண்ணவேண்டாம் என்கிறது, யாரைத் தொடவேண்டாம் என்கிறது என்பதையும் உடன் குறித்தால், மருத்துவர் தம் கேள்வியை எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவாகும்.