ஒரு லட்சத்து ஏழாயிரத்து அறுநூற்றோராவது இருக்கை

வாசல்வரை போயும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் இதுதான் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள் உயரமாக நின்றன. மற்றபடி மலைக்கும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஃபோனில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, இடுக்கு மாதிரி இருந்த வழியில் நாலு எட்டு வைத்தேன். அவ்வளவுதான், காலடியிலிருந்து பூமி கீழே இறங்கிப் போய்விட்டது. அடியாழத்தில் பச்சையாக ஒரு மைதானம். அதுவரை சரிந்து இறங்கும் பெஞ்சு வரிசைகள், வரிசை முழுக்க மனிதத் தலைகள்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் என்ற ஊர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 1,23,000 சொச்சம். அந்த ஊரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் உட்காரக்கூடியவர்கள் 1,07,601 பேர். ஊரே கிளம்பி வந்து உட்கார்ந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். இலக்கத்தின் கடைசியில் நிற்கும் அந்த ஒன்றுக்கு ஒரு கதை உண்டு. ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவர் பெயரால் ஓர் இருக்கை கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களாம். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதாம். எத்தனை முறை ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினாலும் எண்ணிக்கையை ஒன்றில்தான் முடிப்பார்கள் என்றார் மாப்பிள்ளை. நான் அமர்ந்த இடமே அதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. முக்கால் ஆள் உட்காரும் அகலத்தில் பெஞ்சில் எண் போட்டிருந்தார்கள்.

1927இல் திறந்த ஸ்டேடியம் இது. ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர் பிடிவாதமாக நின்று கட்டவைத்தார். பின்னால் இன்னும் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கே அஸ்திவாரத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். தோண்டத் தோண்ட ஊற்றுத் தண்ணீர் கிளம்பியதாம். மண்ணுக்குள் சிக்கிய பாரந்தூக்கி ஒன்று இன்னும் அடியிலேயே கிடக்கிறது என்பது ஊர்க்கதை. ஒரு காலேஜ் மைதானத்துக்குத் தலபுராணம் இருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். எதிரே இருக்கும் பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகம் முழுக்கக் கார்கள். எல்லாக் காரிலும் டிக்கி திறந்து கிடக்க, அடுப்பு எரிகிறது, இறைச்சி வேகிறது, தாத்தாக்களும் பேரன்களும் துணி மூட்டையைப் பலகை ஓட்டைக்குள் எறிந்து விளையாடுகிறார்கள். ஸ்டேடியத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது என்று மகள் முன்பே சொல்லியிருந்ததால், என் மனைவி கட்டி வந்த புளியோதரையை அங்கேயே பிரித்தோம். பக்கத்துக் காரில் எழுபது தாண்டிய ஓர் அம்மாள், மஞ்சள் சட்டை, நீலத் தொப்பி. புளியோதரையை முள்கரண்டியால் கிளறிப் பார்த்தார், வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார், பிறகு தட்டை முழுசாகக் காலி செய்தார். கணவர் மாணவராக இருந்த காலத்தில் வர ஆரம்பித்தாராம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சீசன் டிக்கெட் மட்டும் அதே இரண்டு இருக்கைகளுக்கு வருகிறது. இரண்டாவது இருக்கையில் வருஷத்துக்கு ஒரு பேரப்பிள்ளை.

வில்லாபுரத்துக்காரனுக்குக் கூட்டம் ஒன்றும் புதிதில்லை. பொங்கலன்று பக்கத்து அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்றைக்கு எங்கள் பக்கம் வண்டி நகராது. ஆட்டத்தைப் புரிந்துகொள்ளவும் எனக்கு அதுதான் உதவியது. நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு என்று பேரன் விதியை விளக்கினான். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தடியன் குனிந்து பாய்ந்தான், நாலு பேர் மேலே விழுந்தார்கள், அவர்களையும் இழுத்துக்கொண்டு இன்னும் மூன்றடி போனான். வாடிவாசலிலிருந்து வெளியே வந்த மாடேதான். அதற்குப் பிறகு விதி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் நானூறு பேர் அளவில் ஒரு பேண்டு வாத்தியக் குழு சுரங்கப் பாதையிலிருந்து ஓடி வந்தது. 'தி விக்டர்ஸ்' என்ற பாட்டை வாசித்ததும் லட்சம் பேரும் எழுந்து ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். லூயி எல்பல் என்ற மாணவர் 1898இல் அமைத்த பாட்டு அது. சிகாகோ பல்கலைக்கழகத்தை 12-11 என்று ஒற்றைப் புள்ளியில் ஜெயித்த மகிழ்ச்சியில் பிறந்தது. ஆட்டக்காரர்கள் ஓடிவந்து, உயரக் கட்டிய பதாகையை எகிறி எகிறித் தொட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆட்டம் தெரியாது, ஆள் தெரியாது, அந்தக் கல்லூரிக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று கத்தினேன்.

பிறகு இறங்குமுகம். கடிகாரக் கணக்கில் அறுபது நிமிட ஆட்டம், நடந்து முடிய மூன்றரை மணி நேரம். சூடு பிடிக்கிற நேரம் பார்த்து சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள் மைதானத்துக்குள் வந்து நிற்பார். டி.வி.யில் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் வெளியே போகும்வரை லட்சம் பேரும் காத்திருக்க வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் என் முட்டிக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிக்கும் தீராப் பகை மூண்டுவிட்டது.

இடையில் ஒரு பையன் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிக்காரர்களும் ஆங்காங்கே மண்டியிட்டார்கள். மருத்துவர்கள் தாங்கிப் பிடித்து அழைத்துப் போகையில் எல்லோரும் கைதட்டினார்கள். இருபது வயதுகூட இருக்காது. இத்தனை கூட்டம், இத்தனை விளம்பரம், பயிற்சியாளருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். ஆனால் மோதி விழுகிற பையன்களுக்குப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும்தான் என்று பல பத்தாண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். 2021இல்தான் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்குமாக வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இனி இது காலேஜ் ஆட்டமே இல்லை, சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டம் என்று பழைய ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சலிப்பில் பங்கில்லை. முட்டி அவனுடையது, காசும் அவனுக்குப் போகட்டும்.

நானும் கல்லூரிக் காலத்தில் நம்மூர்க் கால்பந்து ஆடியவன்தான். எங்கள் ஆட்டத்துக்குப் பார்வையாளர் என்றால் பி.டி. மாஸ்டர், மாற்று ஆட்டக்காரர்கள், எல்லைக்கோட்டில் மேய்கிற நாலு ஆடு. மதுரையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க மிஷனரிகளே 1881இல் ஒன்றை ஆரம்பித்தார்கள், அமெரிக்கன் கல்லூரி. கல்லூரியைக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சனிக்கிழமையைக் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள். படித்து முடித்து அரை நூற்றாண்டு ஆனவர்கள் தங்கள் காலேஜ் ஜெயித்ததா தோற்றதா என்று துடிப்பதை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன், கட்டடத்தைப் பார்த்து அல்ல.

வேறொரு வார இறுதியில் சிகாகோ. காரில் நாலு மணி நேரம். இந்தியானா எல்லையைத் தாண்டும்போது ஃபோனில் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. ஓசியில் வந்த ஒரு மணி நேரம், கார் நிறுத்த இடம் தேடியே தீர்ந்தது. வாடகையைக் கேட்டதும் காரை விற்றுவிட்டு நடந்தே திரும்பலாமா என்று மனைவி கேட்டாள். ஏரிக் காற்று காதைக் கிழித்தது. அனிஷ் கபூர் செய்த பளபளப்பான எஃகு மொச்சைச் சிற்பத்துக்குக் கீழே ஊரெல்லாம் நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று சர்வமத மாநாட்டில் விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அமெரிக்கா போகச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1892இல் இருவரும் சந்தித்தது எங்கள் மதுரையில். 1897 ஜனவரியில் திரும்பி வந்தவரைப் பாம்பனில் வரவேற்றதும் சேதுபதிதான். அதே 1897இல் மிச்சிகனும் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் இந்த ஆட்டத்தில் முதன்முதலாக மோதிக்கொண்டன. அந்தப் பகை இன்றும் அடங்கவில்லை. ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஓஹாயோ வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்துவிடுவார்களாம்.

மறுநாள் நான் கேட்டுக்கொண்டதால் சிகாகோ பல்கலைக்கழகம் போனோம். 12-11 என்று தோற்ற அதே கல்லூரி. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசை 1935இல் முதன்முதலாக வாங்கியவர் இங்கேதான் படித்தார். நாலே வருஷம் கழித்து, படிக்கிற இடத்தில் இந்த ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். காலியாகக் கிடந்த ஸ்டேடியப் படிகளுக்கு அடியில், பந்தடிக்கும் கூடம் ஒன்றில், என்ரிகோ ஃபெர்மி குழுவினர் கிராஃபைட் கட்டிகளை அடுக்கினார்கள். 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினை அங்கே நடந்தது. இப்போது அந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் ஒன்றும் பெரிய நூலகம் ஒன்றும் இருக்கின்றன. நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937இல் சேர்ந்து 1995இல் கண்மூடும்வரை பணியாற்றியதும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அவர் 1983இல் நோபல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வெண்கலத்தைச் சுற்றி எங்களைத் தவிர யாருமில்லை. ஹட்சின்ஸ் செய்தது சரி என்று புத்தி சொல்கிறது. ஆனால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் நான் ஆன் ஆர்பருக்குத்தான் போவேன்.

டெவான் அவென்யூவில் தோசை சாப்பிட்டுக் கிளம்பினோம். வரும்போது கிடைத்த ஒரு மணி நேரத்தை எல்லையில் திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்கள். முந்தின நாள் வெளியூரில் மிச்சிகன் தோற்றிருந்தது. ரேடியோவில் மூன்று பேர் வழி நெடுக அதற்கு ஒப்பாரி வைத்தார்கள். மாப்பிள்ளை வாய் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை பால் வாங்கக் கடைக்குப் போனேன். சாதாரணமாக என் மிச்சிகன் நீலத் தொப்பியைப் பார்த்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூட "கோ புளூ" என்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. கல்லாவில் நின்ற பையன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆறுதலாக நானே "கோ புளூ" என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், நான் ஓஹாயோ. இங்கே யாருக்கும் தெரியாது."