கால் எட்டும் வண்டி

பேராதனை வளாகத்தினூடாகக் கலஹாவுக்குச் செல்லும் வீதியினை அறியாத மாணவர் இலர். ஹந்தானை மலையடிவாரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும் அவ்வீதியிற் செல்லும் பஸ் வண்டியிலேயே அவ்வாசிரியை நான்கு ஆண்டுகள் விரிவுரைகளுக்கு வந்து சென்றார். பட்டம் பெற்றபின் அவருக்குக் கிடைத்த நியமனமோ கலஹாவுக்கும் அப்பால், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலாகும். பஸ் வண்டி சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து பாடசாலைக்கு ஐந்து கிலோமீற்றர், அவ்வளவும் ஏற்றம். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரிற் தேயிலையை வணிக நோக்கோடு பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் அம்மலைகளிலேயே உள்ளது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் கொழுந்து லொறி ஏறும் அப்பாதையிற் பஸ் ஒன்று ஏறவில்லை.

காலை 7.30 மணிக்கு வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு விழும். மழைக்காலத்தில் முச்சக்கர வண்டிக்காரர் அப்பாதைக்கு வர மறுப்பர். வருவோர் கேட்கும் கூலியை நாள்தோறும் கொடுப்பின் மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பம். முதலாண்டில் அவர் நடந்தார். சிவப்புக் கோட்டிற்குக் கீழே கையொப்பமிட்ட நாட்களின் தொகை விடுமுறைக் கணக்கைத் தின்னத் தொடங்கிய பின்னரே மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கும் எண்ணம் அவருக்கு உதித்தது.

உறவினர் யாவரும் ஸ்கூட்டரையே பரிந்துரைத்தனர். கண்டி நகர வீதிகளில் அதனைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை என்பது உண்மையே. ஆயின் அத்தோட்டப் பாதை வேறு வகையினது. முன்னொரு காலத்திற் கல் பாவப்பட்டு, பின்னர் மழையால் அரிக்கப்பட்டு, லொறிச் சில்லுகளால் இரு பள்ளங்களாகப் பிளக்கப்பட்ட பாதை அது. ஸ்கூட்டரின் சிறிய சில்லு கல்லின் மேல் ஏறுவதில்லை, முட்டிக்கொண்டு நிற்கும். அடிப்பகுதி தாழ்ந்திருப்பதால் எஞ்சிய கற்களும் அதனை உரசும். இத்தகைய பாதைகளுக்கென்றே பெரிய முன்சில்லும், உயர்ந்த அடிப்பகுதியும், நெடிதாக அமிழ்ந்தெழும் அதிர்வு தாங்கிகளும் கொண்ட 'ட்ரெயில்' வகை வண்டிகள் உருவாயின. யமஹா நிறுவனம் 1968இல் வெளியிட்ட டீரீ-1 அவ்வகையைச் சாதாரண மக்களிடையே பரப்பிய முன்னோடி எனலாம். சில்லு மேலும் கீழும் அசைவதற்கு இடம் வேண்டும். ஆகவே அவ்வண்டிகளின் இருக்கையும் உயர்ந்தேயிருக்கும். கல்லைக் கடக்க உதவும் அவ்வுயரமே குள்ளமானவரை நிலத்திலிருந்து பிரிக்கவும் செய்கின்றது.

அவ்வாசிரியையின் உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. இலங்கைப் பெண்களின் சராசரி உயரமும் ஏறத்தாழ அதுவே. எனினும், மலையகத்தில் உயரம் என்பது பிறப்பால் மாத்திரம் அமைவதன்று. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் 17 வீதமாயிருக்க, பெருந்தோட்டங்களில் அது 32 வீதமாகும் என 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டிற்று. லயத்திற் பிறந்து வளர்ந்த அவர் அவ்விலக்கங்களை வாசித்தபோது தம் வகுப்புப் பிள்ளைகளையே நினைத்தார். தம்மைப் பற்றி நினைத்தது, கண்டியில் வண்டி பார்க்கச் சென்ற நாளிலேதான்.

அங்கு முதலில் அவருக்குக் காட்டப்பட்டது ஹொண்டாவின் பாஹா. மெக்சிக்கோ நாட்டுப் பாலைவன ஓட்டப்போட்டி ஒன்றை நினைவூட்டும் பெயரும், முன்புறத்தில் இரு பெரும் விளக்குகளும் கொண்ட வண்டி. இளைஞர் பலருக்கு அது ஒரு கனவு. இருக்கையின் உயரம் ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர். "மிஸ், உங்களுக்கு ஸ்கூட்டி ஒண்ணு எடுக்கிறதுதான் லேசு" என்றார் விற்பனையாளர். அச்சொல் உறுத்தியதாலோ என்னவோ, அவர் ஏறியே பார்த்தார். சமதரையில் ஓட்டுவதில் இடரொன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்து, சற்றே சரிந்த இடத்தில் நிறுத்திக் காலை ஊன்ற முனைந்தபோது அங்கே நிலம் இருக்கவில்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. அதனைத் தாங்கும் வலு அவருக்கு இருக்கவில்லை. முழங்கை சிராய்த்தது, கண்ணாடியொன்று உடைந்தது, அதற்கான பணத்தை அவ்விடத்திலேயே கொடுத்தார். ஓடும் வண்டியினின்று விழுவதினும் நிற்கும் வண்டியோடு விழுவதே அதிக வெட்கம் தருவது.

அன்று மாலை அவருடைய தந்தை, மகளைச் சப்பாத்தோடு சுவரோரம் நிறுத்தி, கவட்டிலிருந்து நிலம் வரையுள்ள நீளத்தைச் சுண்ணாம்புக் கோடிட்டு அளந்தார். 72 சென்ரிமீற்றர் இருந்தது. அவ்வளவு தாழ்ந்த இருக்கையுடைய ட்ரெயில் வண்டி பெரியவர்க்கென எங்கும் விற்கப்படவில்லை. ஆனால் அளவுநாடா கூறாதவையும் உள. இருக்கை அகன்றதாயின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நீளத்தை இழக்கும். ஒடுங்கியதாயின் நேரே இறங்கும். ஆள் அமர்ந்ததும் வண்டி அமிழும். மெலிந்தவர்க்கு அது அதிகம் அமிழாது என்பது குள்ளமானோர்க்கு நேரும் இன்னோர் அநீதி. இரு பாதங்களும் ஒருசேர நிலத்திற் படியவேண்டும் என்பதும் நகரத்து எண்ணமே. இடுப்பைச் சற்று நகர்த்தி ஒரு பாதத்தின் முற்பகுதியை உறுதியாக ஊன்ற முடிந்தாற் போதுமானது. அப்போது சாயும் பாரத்தை அந்த ஒரு கால் தாங்குமா என்பதே வினா.

இவ்வினாவை முன்வைத்து நோக்குகையில் வண்டிகளின் வரிசை மாறிற்று. இந்தியத் தயாரிப்பான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இன் இருக்கை 82 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். உதிரிப்பாகங்களும் எளிதிற் கிடைக்கும். ஆயின் அதன் எடை 150 கிலோகிராமைத் தாண்டும். யமஹா ரீ.டபிள்யூ. 200இன் இருக்கை 79 அளவிலேயே உள்ளது. பருத்த பின்சில்லால் நிதானமாக நிற்கும். ஆயினும் அகன்ற உடம்பு. மூன்றாவது யமஹா சேரோ 225. இருக்கை 81 சென்ரிமீற்றர். அதாவது எக்ஸ்பல்ஸுக்கும் அதற்குமிடையே ஓர் விரலகல வேறுபாடே. ஆனால் பெற்றோலின்றி அதன் எடை 100 கிலோகிராமைச் சற்றே தாண்டும், இடையும் ஒடுங்கியது. கடதாசியில் ஒரே உயரமுடைய இரு வண்டிகள் சரிவில் இரு வேறு வண்டிகளாயின.

சேரோ என்பது இமயத்திலும் யப்பானிலும் செங்குத்தான சரிவுகளில் வாழும் ஆட்டினத்து விலங்கு. சங்கப் புலவர் வருடை எனக் கூறிய மலையாட்டின் உறவினம் எனக் கொள்ளலாம். 1985இல் அதனை வெளியிட்டபோது வடிவமைத்தோர் வேகத்தை முதன்மையாகக் கொள்ளவில்லை. இரு சில்லுகளோடு இரு கால்களையும் நிலத்தில் உதைத்துத் தள்ளியேனும் மலையேறுதல் என்பதே அவர்தம் நோக்கு. காலூன்றுதல் ஓட்டுநரின் இயலாமையன்று, ஏறும் முறைகளுள் ஒன்று என அவ்வண்டி ஏற்றுக்கொண்டது.

குறையும் இருந்தது. சேரோவின் உற்பத்தி 2020இல் யப்பானிலேயே நின்றுவிட்டது. இலங்கையிலும் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. உதிரிப்பாகத்திற்கு வாரக்கணக்கிற் காத்திருக்க நேரலாம். இதனை அறிந்தே அவர் பழைய சேரோ ஒன்றைத் தேர்ந்தார். புத்திசாலித்தனமான தேர்வு எக்ஸ்பல்ஸே என வாதிடுவோர் இருப்பர். அவர்கள் பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு மேற்பட்டோர். இயந்திர இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, இறந்த வண்டிகளின் அங்கங்களாற் கூட்டப்பட்டதன்று என உறுதிசெய்த பின்னரே முற்பணம் கொடுத்தார்.

பேராதனையில் வண்டி திருத்தும் பாஸ், பின்புற இணைப்பை மாற்றி இரண்டு அங்குலம் தாழ்த்தித் தருவதாகக் கூறினார். அவர் மறுத்தார். தாழ்த்தினால் இயந்திரமும் கல்லை நோக்கித் தாழும். ஸ்கூட்டரை விலக்கிய காரணமே திரும்பி வரும். மாறாக, குஷன் தைப்பவரிடம் இருக்கையைக் கொடுத்து, முற்பகுதியில் ஓரங்குலம் சீவி, இரு ஓரங்களையும் ஒடுக்குவித்தார். செலவும் குறைவு, பிடிக்காவிடின் மீண்டும் நிரப்பலாம்.

அதன்பின் பயிலவேண்டியிருந்தது நிறுத்துவதையே. மலையைக் குடைந்து வெட்டிய அப்பாதையில் ஏறும்போது மண்மேடு பெரும்பாலும் இடப்புறம். வலக்காலாற் பின்பிறேக்கை அழுத்திக்கொண்டு இடக்காலை மேட்டில் வைக்கலாம். நிலமே உயர்ந்துவந்து காலைச் சந்திக்கும். இறங்கும்போதோ மேடு வலப்புறமாகிவிடும். வலக்காலை ஊன்றினாற் பின்பிறேக்கு இல்லை. முன்பிறேக்கை மாத்திரம் நம்பினாற் சரளையிற் சில்லு வழுக்கும். இடக்காலையே ஊன்றுவதெனின் அப்பக்கம் பள்ளம். இப்புதிரை அவிழ்க்க இரு வாரங்கள் சென்றன. இறங்குகையில் கண்ட இடத்தில் நிறுத்தலாகாது. பத்து யார் முன்னரே லொறிப் பள்ளத்தைப் பார்த்து, வண்டியைப் பள்ளத்திலும் இடக்காலைப் பள்ளத்தின் நடுமேட்டிலும் வைக்குமாறு நிற்கவேண்டும். இதற்கிடையில் ஆறு முறை விழுந்தார். ஆறு முறையும் தாமே தூக்கி நிறுத்தினார். சிவப்புக் கோட்டிற்கு மேலே கையொப்பமிடலாயினார்.

தந்தைக்குப் பழகச் சற்று நாட் சென்றது. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்த அவர், அவ்வொலி கேட்டதும் தம்மையறியாமலே பாதையினின்று விலகி நின்றார். "முந்தியெல்லாம் வண்டிச் சத்தம்னா சின்னதுரைதான். நாங்க கானுக்குள்ள இறங்கி நிப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். மகள் வண்டியிலிருந்து இறங்கும் விதத்தைப் பல மாலைகள் திண்ணையிலிருந்து கவனித்தார். லயத்து முற்றம் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. அங்கே நிறுத்துகையில் மாத்திரம் அவர் கால் இன்னமும் தடுமாறிற்று. ஒருநாள் அவர் பாடசாலையிலிருந்து திரும்பியபோது, வாசலுக்கு நேரே, வண்டி நிற்கும் இடத்தின் இடப்புறமாகத் தட்டையான கருங்கல் ஒன்று அரையடி உயரத்திற்கு நிலத்திற் பதிக்கப்பட்டிருந்தது.