பழைய கம்ப்யூட்டரில் லாபம் எங்கே இருக்கிறது?

பழைய உதிரி பாகங்களை வாங்கி, ஒரு கம்ப்யூட்டராகப் பூட்டி, லாபத்துக்கு விற்றால் என்ன? காலேஜில் படித்துக்கொண்டே கொஞ்சம் காசு பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு தடவையாவது வருகிற யோசனைதான். 'ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும் மச்சி, மீதியை யூடியூப் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்ல ஒரு நண்பனும் கூடவே இருப்பான். அவன் சொல்வது பாதி சரி. பூட்டுவது சுலபம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒரு முறை மெஷின்களை மொத்தமாக மாற்றும். கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்.பி. எலைட்டெஸ்க் வகையறாக்கள் லாட்டாக ஏலம் போய், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் வந்து குவியும். இதற்கு மேல் ஒரு பெரிய அலையும் வந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 மெஷின்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பழசு' ஆனது இப்படித்தான்.

இனி கணக்கு. கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டும்தான், விலை வாரத்துக்கு வாரம் மாறும். ரேமும் டிஸ்க்கும் இல்லாத ஒரு ஆபீஸ் டெஸ்க்டாப் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேம் 1,800, எஸ்.எஸ்.டி. 2,200, பழைய மானிட்டர் 2,000, கீபோர்டும் மவுஸும் 500. மொத்தம் 11,000. விற்பது 14,000. லாபம் மூவாயிரம்! மாதம் நாலு விற்றால் பன்னிரண்டாயிரம்! இந்த இடத்தில்தான் எல்லோரும் கால்குலேட்டரை மூடி வைத்துவிடுகிறார்கள்.

மூடாமல் இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். போக்குவரத்து 400. தெர்மல் பேஸ்ட், பயாஸ் பேட்டரி, ஒரு கேபிள், இதற்கெல்லாம் 200. விற்ற மெஷின்களில் ஏதாவது ஒன்று திரும்பி வரும், அதற்காக ஒவ்வொரு மெஷினிலும் 500 ஒதுக்க வேண்டும். மூவாயிரம் இப்போது 1,900 ஆகிவிட்டது. தெருவில் அலைந்தது, சோதித்தது, 'லாஸ்ட் பிரைஸ் என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்களுக்குப் பதில் சொன்னது, கொண்டுபோய்க் கொடுத்தது, பிறகு 'பிரிண்டர் வேலை செய்யலை தம்பி' என்று வந்த போனுக்கு ஓடியது எல்லாம் சேர்த்துப் பதினாலு மணி நேரம் என்றால், கூலி மணிக்கு 135 ரூபாய் சொச்சம்தான். அதுவும் மெஷின் உடனே விற்றால். ஒரு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் 11,000 ரூபாய் முதலும் அங்கேயே முடங்கிக் கிடக்கும்.

அப்படியானால் இதில் காசு பார்க்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? எல்லோரும் சொல்லும் உதாரணம் மைக்கேல் டெல். 1984இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1,000 டாலர் முதலீட்டில் ஆரம்பித்தார். கடைகளில் தேங்கிய ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களை வாங்கி, மெமரியும் டிஸ்க் டிரைவும் சேர்த்து, கடை விலையைவிடக் குறைவாக விற்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்தது விற்காமல் நின்ற புதுச் சரக்கு. பழைய சரக்கின் கதை வேறு. அந்தக் கதையை எழுதியவர் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர்.

1970இல் வெளிவந்த அவருடைய கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. அதில் சொன்ன விஷயத்துக்காகவே 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விஷயம் இதுதான். வண்டியில் என்ன கோளாறு என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிக்கொள்வான். மிச்சம் இருப்பது ஓட்டை வண்டிகள். விலை இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையே படுத்துவிடும்.

கார் என்பதை எடுத்துவிட்டு கிராஃபிக்ஸ் கார்டு என்று போடுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கிராஃபிக்ஸ் கார்டுகளால் அதைத் தோண்டும் வேலை ஒரே நாளில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் வீட்டில் கேம் விளையாடிய கார்டுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் இதேதான். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண்ணிக்கை டிஸ்க்குக்குள்ளேயே பதிவாகும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி இலவச மென்பொருளிலேயே பார்த்துவிடலாம். ஆனால் 2025 தொடக்கத்தில், புதியவை என்று விற்கப்பட்ட சில சீகேட் டிஸ்க்குகள் உண்மையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று ஜெர்மனியின் ஹைஸ செய்தித் தளம் வெளிக்கொண்டு வந்தது. சப்ளை சங்கிலியில் யாரோ அந்த எண்ணிக்கையை அழித்துப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். வேறொரு உள்பதிவில்தான் உண்மை மாட்டியது.

ஆக, பாகம் யார் கையிலும் இருக்கிறது. 'இது நல்ல பாகம்' என்ற தகவல்தான் கிடைக்காத சரக்கு. பழைய கம்ப்யூட்டர் விற்பவனுக்கு வருகிற லாபம் அந்தத் தகவலுக்கான கூலி.

அந்தத் தகவலைச் சம்பாதிக்க வேலை இருக்கிறது. மதர்போர்டில் கெபாசிட்டர் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேமின் தங்க நிற முனைகளை ரப்பரால் துடைத்துப் பூட்டி, மெம்டெஸ்ட் போட்டு இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ப்ராசஸரை முழு வேகத்தில் ஓட்டி, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிராண்டட் மெஷின் என்றால் எஸ்.எம்.பி.எஸ். கனெக்டரை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பலவற்றில் வழக்கமான 24 பின் இருக்காது. அது எரிந்தால் கடையில் கிடைக்கிற எஸ்.எம்.பி.எஸ். அப்படியே பொருந்தாது. பழைய டிஸ்க்கில் முந்தைய சொந்தக்காரரின் போட்டோவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கலாம், அதைத் திறந்து பார்க்காமல் முழுசாக அழித்துவிட வேண்டும். இவ்வளவும் செய்த மெஷினும் ஒன்றுமே செய்யாத மெஷினும் கேபினட்டை மூடினால் ஒரே மாதிரிதான் இருக்கும். சோதிக்காமல் விற்பவன் அதனாலேயே ஆயிரம் ரூபாய் குறைத்துத் தர முடிகிறது.

சோதித்தவன் என்ன செய்ய முடியும்? சொல்ல முடியும், எழுதிக் கொடுக்க முடியும். கடைத்தெருவில் பழைய சாமானுக்கு 'டெஸ்டிங் வாரண்டி' என்று சில நாட்கள் தருவார்கள். அதை ஒரு மாதமாக்கி, தேதி போட்டுப் பில் கொடுத்தால், தன் சரக்கின் மேல் நம்பிக்கை இருப்பவன்தான் அதைச் செய்வான் என்று வாங்குபவருக்குப் புரியும். அகெர்லாஃபும் தன் கட்டுரையில் உத்தரவாதத்தை ஒரு மருந்தாகச் சொல்லியிருக்கிறார்.

பில்லில் இன்னும் இரண்டு வரி வேண்டும். ஒன்று, 'இந்த மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது'. இதைச் சொன்னால் சிலர் திரும்பிப் போவார்கள். சொல்லாவிட்டால், மகளின் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய ஒருவர் சில மாதங்கள் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வார். இன்னொன்று, உள்ளே இருக்கும் விண்டோஸ் லைசென்ஸ் உள்ளதா, திருட்டு காப்பியா என்பது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்கள் பலவற்றில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்து வரும், அது இருந்தால் நல்லது. இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்து, அதையும் சொல்லிவிடலாம். திருட்டு காப்பி போட்டால் அந்தச் செலவு கணக்கில் வராது. வராத செலவைத்தான் பலர் லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

முதல் மெஷினில் உண்மை சொல்வது நஷ்டமாகத்தான் தெரியும். ஐந்தாவது, ஆறாவது மெஷினில் கணக்கு மாறும். வாங்கியவர் தன் தங்கச்சி வீட்டுக்கு ஒன்று கேட்பார், பக்கத்து டியூஷன் சென்டருக்கு மூன்று வேண்டும் என்பார். விலை பேசிவிட்டு மறைகிறவர்களுக்காக வீணாகும் நேரம் குறையும், கட்டிலுக்கு அடியில் சரக்கு தேங்காது. அந்தப் பதினாலு மணி நேரம் ஏழாகச் சுருங்கினால் கூலி தானாக இரட்டிப்பாகும், விலையில் ஒரு ரூபாய் ஏற்றாமலே.

வணிகவியல் புத்தகத்தில் இதற்கு நற்பெயர் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், தானே உழைத்து உருவாக்கிய நற்பெயரைச் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் காட்டக் கூடாது என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 26. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் எழுதலாம். அதனால் இந்தத் தொழிலின் பெரிய சொத்து எந்தப் பக்கத்திலும் வராது. ஸ்க்ரூ டிரைவரின் விலைகூடக் கணக்கில் வந்துவிடும்!