பழந்துணியும் ஒரு விமான டிக்கெட்டும்

சாப்பிடுற பண்டத்துக்குப் போய் 'பழைய துணி'ன்னு பேர் வைக்க எவ்வளவு தைரியம் வேணும்! கியூபாக்காரங்க வெச்சிருக்காங்க. ரோப்பா வியெஹா. ஸ்பானிஷில் ரோப்பா என்றால் துணி, வியெஹா என்றால் பழசு. மாட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, தக்காளி, குடமிளகாய், வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு சுண்ட விட்டால் தட்டில் கிழிஞ்ச துணி மாதிரியேதான் கிடக்கும். ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, மறுநாள் அதை 'பழையது'ன்னே கூசாம கூப்பிடற நாம இதுக்கு ஆச்சரியப்படக் கூடாதுதான் :-)

2018 ஜனவரியில் மயாமியில் இதைச் சாப்பிட்டேன். கூட வேலை பார்த்த நண்பர் கூப்பிட்டிருந்தார். மயாமியிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்பா அம்மா கியூபா. "சனிக்கிழமை அப்பாவோட சாப்பிடப் போறேன், நீயும் வீட்டம்மாவும் வந்துடுங்க"ன்னார். அவர் எதுக்கு எங்களைக் கூப்பிட்டார் என்பது பாதிச் சாப்பாட்டில்தான் புரிந்தது. வெளியாள் பக்கத்துல இருந்தா அப்பா சத்தம் போட மாட்டார்னு ஒரு கணக்கு. நம்ம வீடுகள்ல நடக்காததா என்ன!

லிட்டில் ஹவானா. அதுக்கு நடுவுல ஓடற எட்டாவது தெருவை எல்லாரும் கய்யே ஓச்சோ என்றுதான் சொல்றாங்க. ஒரு பூங்காவில் வயசானவங்க மட்டும் உட்கார்ந்து டொமினோ ஆடுகிறார்கள். கட்டையை மேஜையில் அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்குது. அதே தெருவில்தான் 1971ல் ஆரம்பித்த வெர்சாய் உணவகமும் இருக்கிறது. ஃபிடல் காஸ்ட்ரோ 2016 நவம்பரில் இறந்த அன்று ராத்திரி, அதன் வாசலில் ஜனம் கூடி சட்டி பானையைத் தட்டிக் கொண்டாடினதை டிவியில் பார்த்திருப்பீங்க. தேர்தலுக்கு நிக்கிறவங்க வந்து காபி குடிச்சு படம் எடுத்துக்கிற இடமும் அதுதான்.

தங்கமணிக்கு அங்கேதான் போகணும்னு ஆசை. பெரியவர் கை காட்டி மறுத்துவிட்டார். "அது கேமராக்காரங்களுக்கு. நாம சாப்பிட வந்திருக்கோம்." கொஞ்ச தூரம் தள்ளி, பத்துப் பன்னிரண்டு மேஜை போட்ட ஒரு சின்ன கடைக்குக் கூட்டிட்டுப் போனார். பரிமாறுற அம்மா அவர்கிட்ட என்ன வேணும்னே கேக்கலை.

தங்கமணி சைவம். கியூபா கடையில் சைவம் என்பது கிட்டத்தட்ட துப்பறியும் வேலை. சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வடிக்கிற மோரோஸ் இருக்கு, பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும், உள்ளே பன்றிக்கறித் துண்டு ஒளிஞ்சிருக்கும். ரொட்டி கேட்டா, கியூபா ரொட்டி மாவிலேயே பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் பிசைவாங்க. பெரியவர் இதைக் கேட்டதும் எழுந்து நேரா சமையல்கட்டுக்குள்ள போயிட்டார். ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து, "மிஹா, மோரோஸ் வேண்டாம். வெள்ளைச் சோறு, தனியா பீன்ஸ். இன்னிக்கு பீன்ஸ்ல எதுவும் போடலையாம், சட்டியைப் பார்த்துட்டேன்"னார். மிஹா என்றால் 'என் மகளே'. நம்ம ஊர்ல தெரியாத பொண்ணையும் 'ஏம்மா'ன்னு கூப்பிடறோமே, அதே ரகம். தங்கமணி அந்த நிமிஷமே கட்சி மாறிட்டாங்க.

மேஜைக்கு வந்த மத்ததெல்லாம் நமக்குப் பழக்கப்பட்ட சரக்குதான். யூக்கான்னு ஒண்ணு வந்தது, பார்த்தா நம்ம மரவள்ளிக்கிழங்கு. அவிச்சு, மேலே மோஹோ என்று ஒரு சாறு ஊத்தியிருந்தாங்க. பூண்டும் எண்ணெயும் புளிப்பு ஆரஞ்சும். அந்தப் புளிப்பு ஆரஞ்சு நம்ம நாரத்தைக்குச் சித்தப்பா பொண்ணா இருக்கணும், வாசனை அப்படி. வாழைக்காயைத் துண்டு போட்டு ஒரு தடவை பொரிச்சு, அமுக்கித் தட்டையாக்கி, மறுபடி பொரிச்சா டோஸ்டோனஸ். தோல் கறுத்துப் போன பழத்தைப் பொரிச்சா மதூரோஸ். இந்த மதூரோஸ் ஒரு வாய், பீன்ஸும் சோறும் ஒரு வாய்ன்னு மாத்தி மாத்திச் சாப்பிடணும்னு பெரியவர் வகுப்பே எடுத்தார். காரம்? மருந்துக்கும் கிடையாது. மிளகாய்ப் பொடி தேடற ஆளுங்க பையில கொண்டு போறது உத்தமம்.

சரி, ரோப்பா வியெஹாவுக்கு வர்றேன். ரொம்ப நல்லா இருந்தது. "ஹவானாவுல இன்னும் நல்லா இருக்குமோ?"ன்னு பெரியவரைக் கேட்டேன்.

பெரியவர் சிரிச்சார். "அங்கே மாடு யாருக்குக் கிடைக்கும்?"

சும்மா சொல்றார்னு நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சேன், நிஜம்தான். அறுபதுகளில் இருந்தே கியூபாவில் அரசு அனுமதி இல்லாம மாட்டை அறுத்தா ஜெயில், சொந்த மாடா இருந்தாலும். 2021ல்தான், அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு மிச்சத்தை அறுத்து விற்கலாம்னு கொஞ்சம் தளர்த்தினாங்க. ரேஷன் புத்தகம் 1962ல் வந்தது. 1991ல் சோவியத் யூனியன் உடைஞ்சதும் உதவி நின்னு போய், மாட்டுக்கறி சாதாரண வீட்டுக்கு எட்டாத பண்டமாப் போச்சு. ஆக, நாட்டோட பேர் சொல்ற சாப்பாடு நாட்டுக்குள்ள அபூர்வம். ஊரை விட்டு வந்தவங்க வெளியூர்ல கடை போட்டு அதை உயிரோட வெச்சிருக்காங்க. அதனாலதான் பெரியவருக்கு அந்தத் தட்டு மேல அப்படி ஒரு பிடிவாதம். ஒரு பட்டாணி கூடப் போச்சுன்னா கேள்வி கேப்பார்.

அவர் கதையைக் கேளுங்க. 1961ல், பதினோரு வயசில், தனியாக விமானத்தில் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவரை மட்டுமில்லை. 1960 டிசம்பரில் இருந்து 1962 அக்டோபர் வரை 14,000க்கும் மேற்பட்ட கியூபாக் குழந்தைகள் அப்பா அம்மா இல்லாமல் மயாமியில் வந்து இறங்கினார்கள். ஆபரேஷன் பெட்ரோ பான் என்று பேர். பிள்ளைகளைப் புது அரசாங்கம் பெத்தவங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கப் போகுதுன்னு ஊரெல்லாம் வதந்தி, கத்தோலிக்கத் திருச்சபை மூலமாக ஏற்பாடு. நாலைஞ்சு மாசத்துல சரியாயிடும், திரும்பக் கூப்பிட்டுக்கலாம்னு நினைச்சு அனுப்பினவங்கதான் அதிகம். 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடியோட விமானமும் நின்னு போச்சு. இவர் பனி கொட்டுற ஏதோ மாநிலத்தில், முன்பின் தெரியாத குடும்பத்தில் வளர்ந்து, பெத்தவங்களை மறுபடி பார்த்தது 1966ல். அக்கா மட்டும் வரலை. கல்யாணமாகி அங்கேயே, மட்டான்சாஸ் பக்கம், தங்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவர் அங்கே கால் வைக்கவே இல்லை. "அந்த அரசாங்கம் இருக்கிற வரைக்கும் என் ஒரு டாலர் அவங்களுக்குப் போகாது." இதை அவர் எங்ககிட்ட பெருமையாத்தான் சொன்னார், வாயில் மதூரோஸோட.

அந்த நேரம் பார்த்து நண்பர் போட்டார் குண்டை. "பாப்பி, நான் டிக்கெட் எடுத்துட்டேன். மார்ச்ல. அத்தையைப் பார்க்க."

மயாமியில் இருந்து ஹவானா ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சென்னை–பெங்களூர் மாதிரி. பெரியவர் முள்கரண்டியைக் கீழே வெச்சார். கத்தலை. நண்பர் போட்ட கணக்கு அதுவரைக்கும் சரி. ஆனா கத்தியிருந்தா தேவலாம் போல இருந்தது. அஞ்சு நிமிஷம் நாலு பேரும் பீன்ஸை எண்ணிக்கிட்டு இருந்தோம். தங்கமணி மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. நான் மட்டும் என்ன பேசறது சொல்லுங்க?

இதுல யார் பக்கம் நியாயம்னு எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை. அறுபது வருஷ வைராக்கியத்தை 'அட விடுங்க சார்'ன்னு சொல்ல நான் யார்? அவர் இழந்தது என் தட்டுல இருந்து போனதில்லையே. அதே சமயம் எழுபத்தஞ்சு வயசு அத்தை, போட்டோவுல மட்டும் பார்த்த மருமகன். அவரும் எத்தனை நாளைக்குத்தான் காத்திருப்பார்?

பெரியவர் எழுந்து கடையோட முன்பக்கம் போனார். கியூபா கடைகள்ல ரோட்டைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், வெண்டானிடா. அதுல காபி கொடுப்பாங்க. நின்னுக்கிட்டே குடிச்சு, நின்னுக்கிட்டே அரசியல் பேசுவாங்க, அச்சு அசலா நம்ம டீக்கடை. ஒரு கொலாடா வாங்கிட்டு வந்தார். ஒரே கப்பில் கெட்டிக் காபி, கூடவே கட்டைவிரல் சைஸ்ல சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப். பகிர்ந்து குடிக்கன்னே விக்கிறது. முதல்ல இறங்கற சொட்டு டிகாக்‌ஷனைச் சர்க்கரையோட அடிச்சு நுரை பண்ணுவாங்க, அது மேலே மிதக்கும். எங்க மூணு பேருக்கும் ஊத்திட்டு, கடைசியா மகனுக்கும் ஊத்தினார்.

"அக்காவுக்குக் காபித் தூள் எடுத்துட்டுப் போ. செங்கல் மாதிரி கட்டி வருமே, அது. அங்கே ரேஷன் காபியில பட்டாணியை வறுத்து அரைச்சுக் கலக்கறாங்க." அவ்வளவுதான் சொன்னார். பில்லையும் அவரே கொடுத்தார், நாங்க எவ்வளவு இழுத்தும் விடலை.

நண்பர் மார்ச்சில் போய் வந்தார். ரெண்டு பெட்டி நிறைய காபி, மாத்திரை, சோப்பு. ஹவானாவில் ஒரு தனியார் கடையில் ரோப்பா வியெஹா கிடைச்சுதாம், ஆட்டுக்கறியில் செஞ்சது. அத்தை வீட்டில் சோறு, கறுப்பு பீன்ஸ், பொரிச்ச முட்டை. திரும்பி வந்ததும் அப்பா அரசாங்கம் பத்தியோ, பழைய வீடு பத்தியோ ஒரு வார்த்தை கேக்கலையாம். கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"பீன்ஸ்ல அக்கா சர்க்கரை போட்டாளா?"

"போட்டாங்க பாப்பி. கடைசியில ஒரு ஸ்பூன்."

"அம்மா பண்ற மாதிரிதான்"ன்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாராம்.

தங்கமணி அதுல இருந்து எங்க வீட்டுலயும் போடறாங்க. ராத்திரியே ஊற வெச்ச கறுப்பு பீன்ஸ், பிரிஞ்சி இலை ரெண்டு, பூண்டு, சீரகம், குக்கர்ல நல்லா குழைய விட்டு, இறக்கும்போது துளி வினிகர், அரை ஸ்பூன் சர்க்கரை. பொன்னி அரிசிச் சோத்தோட நல்லாவே ஒட்டுது. நான் மட்டும் ஓரமா ஒரு எலுமிச்சை ஊறுகாய் வெச்சுக்கறேன்.