குற்றாலச் சாரலில் ஓர் ஓலைப்பெட்டிச் சொப்பு

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடு. அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மெயினருவியில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் குற்றாலநாதர் கோயில் பக்கம் வருகிறவர்களை இழுத்து நிறுத்துபவை இரண்டு. ஒன்று, சூடான நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை. இன்னொன்று, கடை வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கியிருக்கும் மரச் சொப்பு சாமான்கள்.

அம்மி, ஆட்டுரல், உரல், உலக்கை, திருகை, குடம், பானை, கரண்டி என்று ஒரு முழு சமையலறையே சின்ன ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு நிஜ வீட்டில் இல்லாத திருகையும் உலக்கையும் இந்தப் பெட்டியில் மட்டும் இன்னும் இருக்கின்றன! பேத்திக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பாட்டிகள் தங்களுக்காகவே வாங்குவதும் உண்டு.

இந்தச் சொப்புக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். தென்காசியிலிருந்து நெல்லை செல்லும் ரயிலில் ஏறினால், பாரதியாரின் மாமனார் ஊரான கடையத்தையும் ஆழ்வார்குறிச்சியையும் தாண்டி அங்கே இறங்கலாம். ஜன்னலோர இடம் கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

மரத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. இடமில்லை, பணமில்லை, உடம்பில் தெம்பில்லை என்று அதை ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். கட்டிலோ பீரோவோ செய்வதென்றால் அது நியாயம்தான். கடைசல் வேலையின் கணக்கே வேறு. மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியை அதன்மேல் பிடிக்க வேண்டும். சுற்றுவது மரம், கை அசைவது கொஞ்சம்தான். மின்சாரம் வருவதற்கு முன் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுக்க, இன்னொருவர் தரையில் உட்கார்ந்தபடி உளி பிடிப்பார். இன்று இழுக்கும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. உட்கார்ந்தே செய்யலாம் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம்.

சாயம் ஏற்றுவது பார்க்கவே அழகு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் வைத்து அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூரிகையும் வேண்டாம், காயவைக்க இடமும் வேண்டாம்.

செலவு? ஒரு சொப்புக் குடத்துக்கு உள்ளங்கை அளவு மரம் போதும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்கள் உண்டு. பெரிய வேலைக்கு உதவாமல் விறகுக்குப் போகிற துண்டுக் கட்டைதான் இந்த வேலைக்குச் சரியான அளவு. கடைசல் இயந்திரம் வாங்க முடியாதவர்கள் சிறு கத்தி, அரம், உப்புத்தாள் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கரண்டியைச் செதுக்கிப் பார்க்கலாம். பிடி நழுவுகிற கைக்கு, மரத்தை மேஜையோடு இறுக்கிவைக்கும் கவ்வி ஒன்று கட்டாயம். கத்திப் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினால் தடிமனாகி, விரல் முழுதாக மடங்காதவர்களுக்கும் பிடிக்க வாகாக இருக்கும்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்கும் ஒருமுறை போய்வரலாம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. தசைச் சிதைவு நோயுடன் வாழும் சங்கரராமன் பின்னர் அவரோடு கைகோத்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒருவருடைய காலுக்கும் கைக்கும் ஏற்றபடி உபகரணத்தை மாற்றித் தருவது அங்கே அன்றாட வேலை. மரவேலைக்கும் அதே யோசனைதான்: ஆளை வளைக்காமல், கருவியை வளைப்பது.

சில விஷயங்களில் மட்டும் விளையாட்டு கூடாது. சுழலும் மரத்தருகே துப்பட்டா, வேட்டி முனை, அவிழ்ந்த கூந்தல், கையுறை எதுவும் வரக்கூடாது. எது சிக்கினாலும் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தூசி மூச்சுக்குள் போகாமல் முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். மாத்திரை சாப்பிட்டுத் தூக்கம் வருகிற நேரத்தில் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

செய்யப் போவதில்லை, வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: இந்த வியாபாரம் அருவித் தண்ணீரை நம்பியது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் கடைவீதியும் காற்றாடும். அந்த மாதிரி நாளில் போய்ப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்பது அழகல்ல. வாங்கும்போது பானையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், சிலும்பு குத்தக்கூடாது. வீட்டில் வெந்நீரில் கழுவினால் அரக்கு கெட்டுவிடும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால், வாய்க்குள் போகிற சைஸில் இருக்கும் கரண்டியையும் குழவியையும் முதலிலேயே எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.