தாழ்ந்த வண்டியும் தாங்கும் வில்லும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரை வலு, எத்தனை மைல் வேகம், ஒரு கலன் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்னும் வினாக்களே முதலில் எழும். சில்லுக்கும் உடலுக்கும் இடையே மறைந்து கிடந்து, நாள் முழுவதும் அடி வாங்கிக்கொண்டிருக்கும் வில்லைப் பற்றி வினவுவார் இல்லை. அது முறிந்த அன்றுதான் அதன் பெயரே நினைவுக்கு வரும். ஒவ்வொரு குடும்பத்திலும் இத்தகையோர் ஒருவர் உளரன்றோ?

இந்த வில்லைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கும் வாய்ப்பு எமக்கு இலண்டனிலே கிட்டியது. பாடசாலையிற் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற நாம், கடந்த கோடையில் அங்கு வாழும் தமக்கையார் வீட்டிற் சில வாரங்கள் தங்கினோம். காலஞ்சென்ற அத்தான் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, 1975-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போட்ஸ் கார். இருவர் மட்டும் அமரத்தக்க திறந்த வண்டி. பழைய வண்டியாக வாங்கிய அதனை ஞாயிறுதோறும் தம் கையாலே துடைத்து மினுக்கி வந்தார் அவர். இப்போது அது மருமகன் கையில். அவனுக்கோ ஒரே ஆசை. வண்டியின் உடலை நிலத்தை நோக்கி இரண்டு அங்குலம் இறக்க வேண்டும். அதற்கேற்ற குட்டையான வில்லும், புதிய ஷொக் அப்சோபரும் தெரிந்து தர வேண்டும் என்று எம்மைக் கேட்டான்.

“இரண்டு அங்குலம் இறக்கினால் எவ்வளவு வடிவாயிருக்கும், மாமா!” என்றான்.

“தம்பி, இப்பவே இதுக்குள்ளே ஏறி இறங்க நான் படுகிற பாடு முருகனுக்குத்தான் தெரியும். இன்னும் பதிஞ்சால் என்னைத் தூக்கித்தான் எடுக்க வேணும்,” என்றார் தமக்கையார்.

வெள்ளிக்கிழமைதோறும் மகன் அருகே அமர்ந்து ஹைகேற் குன்றிலுள்ள முருகன் கோயிலுக்குச் செல்வது அவர் வழக்கம். முள்ளந்தண்டிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். ஆயினும் அவர் கவலை முதுகைப் பற்றியது மட்டுமன்று. கணவர் பேணி வைத்த பொருளை மகன் வெட்டிக் குறைத்து விடுவானோ என்னும் அச்சமே பெரிது. மகனோ அதைத் தன் வண்டி என்று சொல்லிக்கொள்ள விரும்பினான். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனவே, தீர்ப்புச் சொல்லுமுன் வண்டியின் வரலாற்றை அறிவோம் என்றோம்.

எம்.ஜி.பி. 1962-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. அந்நாட்டின் சட்டம் வண்டிகளின் முட்டுத்தாங்கி குறித்த உயரத்தில் இருக்க வேண்டுமென்றும், மெல்லிய மோதலைத் தாங்க வேண்டுமென்றும் விதித்தது. உடலை முற்றாக மாற்றியமைக்கப் பணமில்லாத கம்பனி, 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கரிய இறப்பர் முட்டுத்தாங்கிகளைப் பூட்டி, வண்டி முழுவதையும் ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டது. அத்துடன், வளைவுகளில் உடல் சாய்வதைத் தடுக்கும் முன்பக்க உருக்குக் கோலையும் திறந்த வண்டிகளிலிருந்து நீக்கியது. வண்டி உயர்ந்தது, சாய்வைத் தடுக்கும் கருவியும் போயிற்று. வளைவிலே அது படகைப் போலச் சாயத் தொடங்கியதில் வியப்பென்ன? 1977-ஆம் ஆண்டு வண்டிகளுக்குத்தான் முன்னும் பின்னும் அக்கோல்கள் மீண்டும் பூட்டப்பட்டன.

ஆகவே, அத்தானின் வண்டி இயல்பாக உயர்ந்ததன்று, சட்டத்துக்காக உயர்த்தப்பட்டது. அதைச் சற்று இறக்குவது பழைய நிலைக்கு மீட்பதேயாகும் என்று நாம் விளக்கியபோது தமக்கையாரின் முகம் தெளிந்தது. மருமகனோ வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

மாணவ நேயர்கள் இவ்விடத்திற் சற்றுக் கவனிக்க. வண்டியை இறக்குவோர் வளைவிலே பெரும் பயன் கிட்டுமென நம்புகின்றனர். வளைவிற் செல்லும்போது உட்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்கு மாறும் பாரம், வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. அம்மையம் இருபது அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஓர் அங்குலம் இறக்குவதாற் கிடைப்பது நூற்றுக்கு ஐந்தே. பயன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை.

அதற்குக் கொடுக்கும் விலை யாது? சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது உடலை நோக்கி மேலெழ இடம் வேண்டும். அவ்விடம் மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலம் இறக்கினால் எஞ்சுவது ஒன்று. முன்பு மூன்று அங்குலத்தில் விழுங்கிய அதே அடியை ஓர் அங்குலத்தில் விழுங்க வேண்டுமாயின், வில் ஒன்பது மடங்கு விறைப்பாயிருத்தல் வேண்டும். ஏனெனில் வில் ஏற்கும் சக்தி அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது. அத்தகைய வில்லை எவரும் விற்பதில்லை; விற்றாலும் அதன்மேல் மனிதர் அமர முடியாது. எனவே அடி இறப்பர்த் தாங்கியில் மோதி, அங்கிருந்து உடலுக்கும், உடலிலிருந்து தமக்கையாரின் முள்ளந்தண்டுக்கும் நேரே செல்லும். இலண்டன் வீதிகளிலோ வேகத்தைக் குறைக்கவென்று மூன்றங்குல உயரத்தில் மேடுகள் அமைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனை மேடுகள் உள என்று எண்ணி வருமாறு மருமகனை அனுப்பினோம். எண்ணி வந்தவன் இரண்டு அங்குலப் பேச்சைத் தானாகவே விட்டுவிட்டான்.

அவனுடைய நண்பன் ஒருவன் வேறு யோசனை சொன்னான். பழைய சுருள்வில்லில் இரண்டு சுற்றை அறுத்து எறிந்தாற் போதும், செலவே இல்லை என்றான். அறுத்தால் வண்டி இறங்கும் என்பது உண்மையே. ஆனால் பத்துச் சுற்றில் இரண்டு போனால் எஞ்சிய வில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு விறைப்பாகும்; அறுத்த முனை தன் இருக்கையிற் சரியாகப் படியாது. தீயினாற் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் கொடிது. உருக்குக்கு உரமேற்றிய பதமே கெட்டுவிடும். வில்லின் வலு அதன் கம்பியின் தடிப்பை நான்கு முறை பெருக்கிய கணக்கிற் கூடுவது. அத்துணை நுண்ணிய கணக்குள்ள பொருளை அரத்தாலும் அடுப்பாலும் திருத்துதல் தகாது.

அடுத்தது ஷொக் அப்சோபர். வில் அடியை ஏற்கும். ஆனால் மறவாது, மீண்டும் மீண்டும் ஆடும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதே இதன் பணி. ஆதலின் இதனை அதிர்வடக்கி என்பது பொருந்தும். வில்லை மாற்றுவோர் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும். வில்லின் விறைப்பு நூற்றுக்கு இருபது கூடினால், அடக்கியின் வலு நூற்றுக்குப் பத்தளவு கூடினாற் போதுமானது. கடையிலுள்ளவற்றுள் மிகக் கடினமானதே சிறந்ததென வாங்குவோர் பலர். அடக்கி மிகைப்பட்டால் சில்லு வீதியைத் தழுவாது துள்ளும். எம்.ஜி.பி. பிறந்த அதே 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்னும் காரை எண்ணுக. கொலின் சப்மன் அதற்கு மென்மையான வில்லும், அதற்கு இசைந்த அடக்கியும் அமைத்தார். வீதியைப் பற்றி ஓடுவதில் அது இன்றும் புகழப்படுகிறது. விறைப்பே வேகம் என்பது வெறும் மயக்கம்.

எம்.ஜி.பி.யில் மற்றுமொரு புதுமையுண்டு. அதன் அடக்கி நீண்ட குழாய் வடிவினதன்று. எண்ணெய்ப் பெட்டியிலிருந்து கை நீட்டுவது போன்ற நெம்புகோல் வகையினது. முன்சில்லைத் தாங்கும் மேற்கையும் அந்நெம்புகோலே. நம் நாட்டு வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனரைத் திருத்தியோர் இதனை நன்கறிவர். அதிலும் இவ்வமைப்பே உண்டு. எனவே முன்பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டுக் குழாய் வகையை மாட்டுவது எளிதன்று. சில்லைத் தாங்கும் கைக்கும் வழி செய்ய வேண்டும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் மருமகன் ஒரு தாளில் எழுதிய தீர்மானம் இது. வண்டி ஓர் அங்குலம் மட்டும் இறங்கும். முன்பக்கத்துக்கு அந்த அளவுக்கென்றே செய்த சுருள்வில். பின்பக்கத்துக்கு அதே உயரத்துக்குப் பொருந்தும் புதிய தகட்டுவில். கம்பனி நீக்கிய சாய்வு தடுக்கும் கோல் முன்பக்கத்தில் மீண்டும் பூட்டப்படும். இரு சில்லும் ஒருசேர மேட்டில் ஏறும்போது அக்கோல் குறுக்கிடாது. ஒருபுறம் சாயும்போது மட்டுமே எதிர்க்கும். ஆதலின் வளைவிலே அவன் விரும்பிய உறுதி, தாயின் முதுகைத் தண்டியாமலே கிடைக்கும். அதிர்வடக்கிகள் புதியன வேண்டா; அத்தான் காலத்தனவே பழுது பார்க்கப்பட்டு, புதிய எண்ணெய் நிரப்பி மீளப் பூட்டப்படும்.

கராஜிலே வேலை நடந்தபோது நாமும் உடனிருந்தோம். இறப்பர்ப் பொருத்துகளின் ஆணிகளை, வண்டி தன் சில்லுகளில் நிலத்தே நின்ற பின்னரே முற்றாக இறுக்கினார்கள். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுக்குண்டு கிழியும். பின்னர் சில்லுகளின் நேர்மையும், முன்விளக்குகளின் நோக்கும் சரி பார்க்கப்பட்டன. மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தான் மருமகன். கழற்றிய பழைய வில்களை எறியவில்லை. எண்ணெய் பூசி, கடதாசியிற் சுற்றி, அத்தானின் கையெழுத்திருந்த ஆயுதப் பெட்டியின் அருகே வைத்தான். தமக்கையார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தாமாகவே கதவைத் திறந்து ஏறி அமர்ந்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இளைஞர் ஒருவர் இத்தகைய ஆசையுடன் வந்தால், ஆசையைப் பழிக்க வேண்டா. கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுங்கள். சில்லு மேலெழ எஞ்சியிருக்கும் இடத்தை முதலில் அளக்கட்டும். பின்னர் அதற்கேற்ற வில்லைத் தெரியட்டும். அந்த வில்லுக்கு இசைந்த அடக்கியை அதன் பின் தேடட்டும். இந்த ஒழுங்கு மாறினாற் பணமும் போகும், சுகமும் போகும். அருகில் அமர்ந்து வருபவர் யார் என்பதையும் அந்தத் தாளின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.